நெடுநல்வாடையின் பள்ளியறை: அலங்கார வருணனை எப்படி வேலை செய்கிறது?

பழந்தமிழ்ப் பாட்டில் அரண்மனை வருணனை வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ‘அடுக்கடுக்காக எதையோ சொல்லிக்கொண்டே போகிறார்’ என்று அலுத்துப்போய்ப் பக்கத்தைத் தள்ளிவிடுகிறோம். இல்லையென்றால் அதிலிருந்து ஒரே ஒரு வரியைப் பிடுங்கிப் பெருமையாகப் பகிர்கிறோம். ‘சங்க காலத்திலேயே யவனர் விளக்கு’, ‘கூரையில் ராசி மண்டல ஓவியம்’, ‘தந்தத்தில் கட்டில்’ என்று வலம் வருகிற துணுக்குகளில் பல, பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையிலிருந்து பிய்த்து எடுத்தவை.

அலுத்துத் தள்ளுகிறவரும் ஆசையாகப் பகிர்கிறவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். வருணனை என்பது கதைக்கு மேலே ஒட்டிய ஜிகினா என்று இருவருமே நினைக்கிறார்கள். ஒருவருக்கு அந்த ஜிகினா வேண்டாம், இன்னொருவருக்கு அது மட்டும் போதும். நெடுநல்வாடையைப் பொறுத்தவரை இரண்டுமே பெரிய இழப்பு. பாட்டின் உயிர் அந்தக் கட்டிலிலும் விளக்கிலும் மேற்கட்டியிலும்தான் இருக்கிறது. அது எப்படி என்று, பழந்தமிழ் படித்துப் பழக்கமில்லாதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். வருணனை என்றால், ஓர் இடத்தையோ பொருளையோ ஆளையோ படிப்பவர் கண்முன் வந்து நிற்கும்படி சொல்லால் விரித்துக் காட்டுவது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பொருளில்தான் பயன்படுத்துகிறேன்.

ஒரே அறை, இரண்டு விவரிப்பு

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனுக்காகப் பெற்றோர் மாடியில் ஓர் அறை கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேக்குக் கட்டில், ஏசி, சுவர் முழுக்க அலமாரி. வீட்டுத் தரகர் இந்த அறையைப் பற்றிச் சொன்னால் நீளம் அகலம், மரத்தின் தரம், ஏசி எத்தனை டன் என்று போகும். அதே அறையைப் பற்றிப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் வேறு மாதிரி இருக்கும்: ‘கட்டில்ல விரிப்பை வாராவாரம் மாத்துறாங்க. படுக்கத்தான் ஆள் இல்லை.’

இருவரும் சொல்வது அதே பொருள்களைத்தான். ஆனால் அக்கா சொல்லும்போது தேக்குக் கட்டில் விலையைக் காட்டவில்லை, ஆள் இல்லாததைக் காட்டுகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். அறையில் ஒரு கிழிந்த பாய் மட்டும் கிடந்தால் இந்த வெறுமை இவ்வளவு தெரியாது. ஏற்பாடு எவ்வளவு பலமோ, குறை அவ்வளவு கனம்.

நெடுநல்வாடை நம்மை அந்த அக்கா நிற்கும் இடத்தில் நிறுத்திப் பேசும் பாட்டு. நாம்தான் அதைத் தரகரின் பட்டியலாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

பாட்டு எதைப் பற்றியது?

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது. மொத்தம் 188 அடிகள். கதை என்று பார்த்தால் மிகச் சின்னது. அரசன் போருக்குப் போயிருக்கிறான். ஊரில் கூதிர்காலம், அதாவது ஐப்பசி கார்த்திகையின் மழைக்குளிர். அரண்மனையில் அரசி அவனை நினைத்துத் தூங்காமல் கிடக்கிறாள். பாசறையில், அதாவது படை தங்கியிருக்கும் இடத்தில், அரசனும் தூங்காமல் நடமாடுகிறான். அவ்வளவுதான். இருவரும் சந்திப்பதில்லை, ஒரு வார்த்தை பேசிக்கொள்வதும் இல்லை.

இந்தச் சின்னக் கதைக்கு நடுவே, அரண்மனையைக் கட்டுவதில் தொடங்கிக் கட்டிலில் விரிக்கும் துணி வரைக்கும் அறுபது அடிக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார் நக்கீரர். பாட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு நல்ல கவிஞர் இவ்வளவு இடத்தைச் சும்மா ஜோடனைக்குக் கொடுக்க மாட்டார் என்ற நம்பிக்கையோடு படிக்க ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது.

சும்மா கிடக்கும் பொருள்கள்

அரண்மனைக்குள் போவதற்கு முன்னால் கவிஞர் நம்மை ஊருக்குள் கூட்டிப்போகிறார். அங்கே அவர் காட்டுகிற பொருள்களுக்கு ஓர் ஒற்றுமை இருக்கிறது. எல்லாம் நல்ல பொருள்கள், ஆனால் இப்போது யாரும் தொடுவதில்லை.

வடநாட்டார் கொண்டுவந்த வெண்ணிற வட்டக்கல்லும் தென்திசைச் சந்தனமும் பயனில்லாமல் கிடக்கின்றன. குளிரில் யார் சந்தனம் பூசுவார்கள்? மேல்மாடியில், வேனிலில் தென்றல் வாங்கிக்கொண்டு படுக்கும் இடத்துக் கதவுகளைத் தாழ்போட்டு விட்டார்கள். குவிந்த வாயுள்ள குடத்துத் தண்ணீரை யாரும் சீந்துவதில்லை. எல்லோரும் அகன்ற வாயுள்ள தடவில், அதாவது நெருப்புச் சட்டியில், குளிர்காய்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது விசிறி. கைதேர்ந்த கம்மியன் அழகாகச் செய்த சிவந்த வட்ட விசிறியைச் சுருக்கி முளையில் மாட்டிவிட்டார்கள். அதில் சிலந்தி வெள்ளை நூலால் வலை பின்னியிருக்கிறது.

ஒரு வட்ட விசிறி, அதைச் சுற்றி ஒரு சிலந்தி வலை. எவ்வளவு நாளாக அது தொங்குகிறது என்று கவிஞர் சொல்லவே வேண்டாம், வலை சொல்லிவிடுகிறது.

இங்கேதான் முதல் வேலை நடக்கிறது. நேர்த்தியாகச் செய்த பொருள், ஆனால் காலம் மாறியதால் பயனற்றுக் கிடப்பது என்ற ஒரு காட்சிக்கு நம் கண் பழகிவிடுகிறது. சந்தனக்கல், மாடிக் கதவு, தண்ணீர்க் குடம், விசிறி என்று நான்கு தடவை பார்த்த பிறகு அரண்மனைக்குள் நுழைகிறோம். அங்கே பார்க்கப்போகும் கட்டிலையும் அதே கண்ணால்தான் பார்ப்போம்.

சுருக்கமாக: ஊர் வருணனை வெறும் பருவநிலை அறிக்கை கிடையாது. ‘இருக்கிறது, ஆனால் பயன்படவில்லை’ என்று பார்க்க அது நமக்குப் பயிற்சி கொடுக்கிறது.

கவிஞர் அந்த அறையைப் பார்த்தாரா?

அரண்மனைக்குள் போகும்போது பலர் கவனிக்காத ஓர் அடி இருக்கிறது. உள் அறைகள் இருக்கும் கட்டுக்காவலான பகுதியை ‘ஆடவர் குறுகா அருங்கடி வரைப்பு’ என்கிறார். பெருமை மிக்க அரசனைத் தவிர வேறு ஆண் நெருங்க முடியாத இடம்.

சரி, அப்படியென்றால் நக்கீரர் எப்படிப் பார்த்தார்?

பார்த்திருக்க வழியில்லை என்பதைப் பாட்டே சொல்லிவிடுகிறது. கட்டிலின் கால் எப்படி, தலையணைக்குள் என்ன, மேலே என்ன ஓவியம் என்று இதற்கு அப்புறம் வரும் அத்தனை நுணுக்கமும் கவிஞர் தன் மனத்துக்குள் கட்டிய அறையின் நுணுக்கம். கண்ணால் பார்த்தது என்று எடுத்துக்கொண்டு அளவெடுக்கப் போனால் பாட்டு நழுவிவிடும்.

அதற்காக எல்லாம் வெறும் புளுகு என்று தள்ளிவிடவும் முடியாது. கனவில் வரும் வீடு நாம் பார்த்த வீடாக இருப்பதில்லை. ஆனால் அதன் திண்ணையும் தூணும் எங்கேயோ பார்த்தவைதான். நெடுநல்வாடையின் அறையும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய நாட்டார், செய்த விளக்கு என்கிறார். ரோம் ஆட்சிப் பகுதிகளோடு தமிழகக் கரைக்கு இருந்த வாணிபத்துக்குச் சான்று நிறையவே உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டில் 1945 இல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக்கடல் பக்கத்து மது ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. தந்தக் கட்டில் என்கிறார். வியன்னாவில் இருக்கும் கி.பி. 2 ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று, சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் போகும் பயணத்துக்கான கடன் ஒப்பந்தம். அதன் பின்பக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்குக் கணக்கில் யானைத் தந்தம் வருகிறது. ஆக, பொருள்கள் உலகத்தில் இருந்தவை. அவற்றை ஓர் அறைக்குள் இந்த வரிசையில், இந்த வெளிச்சத்தில் வைத்தது கவிஞரின் கற்பனை.

இந்தப் பிரிவினை பிடிபட்டால் பெரிய குழப்பம் ஒன்று தீரும். ‘சங்க காலத்தில் இந்தப் பொருள் இருந்ததா?’ என்பது வரலாற்றுக் கேள்வி, நல்ல கேள்வியும்கூட. ‘இந்தப் பொருளை இந்த இடத்தில் ஏன் வைத்தார்?’ என்பது கவிதைக் கேள்வி. முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடுவதுதான் பகிர்வுத் துணுக்குகளின் பெரிய குறை.

வெளியிலிருந்து உள்ளே

இனி அறையை நோக்கி நடக்கலாம். வரிசையைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் மனை வகுப்பது. இரண்டு கோல்களை நட்டு, நிழல் ஒரு பக்கமும் சாயாத நண்பகல் நேரத்தில் திசையைக் குறித்து, நூல் அறிந்தவர்கள் நுட்பமாகக் கயிறு பிடித்து, தெய்வத்தை வணங்கி வீட்டை வகுக்கிறார்கள். அப்புறம் வாயில். இரும்புப் பட்டை பிணித்துச் செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவு, நிலையில் குவளை மொட்டும் பிடியானையும் செதுக்கியிருக்கிறது, வெண்சிறுகடுகும் நெய்யும் அப்பியிருக்கிறார்கள். கொடி ஏந்திய யானை அப்படியே நுழையலாம். மலையைக் குடைந்தது போன்ற வாயில்.

வாயிலைத் தாண்டினால் மணல் பரப்பிய முற்றம். குறுங்கால் அன்னங்கள் திரிகின்றன. கொட்டிலில் நிற்க வெறுத்த குதிரைகள் புல்லை மென்றுகொண்டே தனிமையில் குரல் கொடுக்கின்றன. நிலாவை அனுபவிக்கக் கட்டிய வெண்முற்றத்திலிருந்து மழைநீர் திறந்த வாய்க் குழாய் வழியாக அருவி மாதிரி விழுகிறது. பக்கத்தில் மயில் அகவுகிறது. பெரிய அரண்மனை முற்றம், ஆனால் காதில் விழுவதெல்லாம் குதிரை, மழை, மயில். மனிதக் குரல் ஒன்றுகூட இல்லை.

இன்னும் உள்ளே போனால் விளக்கும் சுவரும். வெள்ளி போல விளங்கும் சுதை, நீலமணி போல் திரண்ட தூண்கள், செம்பில் வார்த்தது போன்ற நெடுஞ்சுவர், அதில் பல பூக்களோடு ஒரே கொடியாக வளைந்து ஓடும் சித்திரம். அதற்கும் உள்ளே கட்டில். கட்டிலின் மேல் பெண். பெண்ணின் கண்ணுக்கு மேலே கூரை.

ஊர், கோட்டை வாயில், முற்றம், சுவர், கட்டில், ஆள், அவள் பார்வை என்று வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. மலையைக் குடைந்த அளவுக்குப் பெரிய வாயிலில் தொடங்கி ஒரு கண்ணின் ஓரத்தில் வந்து முடிகிறது. வாயில் அவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் கட்டிலில் கிடப்பவள் அவ்வளவு சின்னதாகத் தெரிகிறாள்.

சுருக்கமாக: வருணனைக்கு ஒரு பாதை உண்டு. எதை முதலில் காட்டுகிறார், எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதே பாதி அர்த்தம்.

கட்டிலை நெருங்கிப் பார்ப்போம்

கட்டிலுக்கு மட்டும் இருபது அடிகள். சங்கப் பாட்டில் ஒரு மரச்சாமானுக்கு இவ்வளவு கவனம் கிடைத்த இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

நாற்பது வயதான யானை, முரசு போன்ற கால், வரி ஓடும் நெற்றி. அது போரில் பட்டு இறந்தபோது விழுந்த தந்தத்தை எடுத்து, இரண்டு பக்கமும் செத்தி, வல்லவன் ஒருவன் கூரிய உளியால் இலை வடிவம் செதுக்கியிருக்கிறான். குடம் போல் திரண்ட கால்கள். சுற்றிலும் முத்து கோத்த வலையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். புலிவரி போட்ட பட்டைகளால் மேலே பின்னியிருக்கிறார்கள். சாயம் ஊட்டிய பல நிற மயிரைக் கலந்து சிங்க வேட்டையைச் சித்திரமாகக் காட்டியிருக்கிறார்கள். அதன்மேல் முல்லைப் பூக்கள். அதற்கும் மேலே அன்னத் தூவி, அதாவது அன்னத்தின் மெல்லிய இறகு, அடைத்த மெத்தை. எல்லாவற்றுக்கும் மேலே கஞ்சி போட்டு வெளுத்த துணியை மடிப்புக் கலையாமல் விரித்திருக்கிறார்கள்.

முத்து, தந்தம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கஞ்சி போட்ட துணி. அந்த மடிப்பை நம் வீட்டிலும் பார்த்திருக்கிறோம். எட்டாத ஆடம்பரத்தின் உச்சியில் தெரிந்த ஒரு பொருளை வைத்து நம்மைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடுகிறார் கவிஞர்.

இதில் இரண்டு பொருள்களை மட்டும் கையில் எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது தந்தம். அது போரில் செத்த யானையுடையது. அதாவது அரசி படுத்திருக்கும் கட்டிலின் காலே போர்க்களத்திலிருந்து வந்தது. இதற்கு ஐம்பது அடிகளுக்கு அப்புறம் பாசறைக் காட்சி வருகிறது. அங்கே அரசன் யாரைப் பார்க்கப் போகிறான்? எதிரி யானைகளின் துதிக்கை மண்ணில் புரளும்படி வெட்டி வீழ்த்தி, வாள்புண் பட்டுக் கிடக்கும் வீரர்களை. அங்கே யானை விழுகிறது, இங்கே யானையின் கொம்பு கட்டிலாகி நிற்கிறது. அவனைப் பிரித்து வைத்திருக்கும் போர்தான் அவள் படுக்கையைச் செய்துகொடுத்தது. கவிஞர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு பொருளையும் இரண்டு இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

இரண்டாவது மெத்தை. அது வெறும் அன்னத் தூவி என்று சொல்லி நிறுத்தவில்லை, ‘துணைபுணர் அன்னத் தூநிறத் தூவி’ என்கிறார். சோடி சேர்ந்த அன்னங்களின் தூவி. தனியாகக் கிடக்கிறவளுக்குச் சோடிப் பறவைகளின் மென்மையில் படுக்கை. இதற்கு முன்பே ஊர்க்காட்சியில் ஒரு சோடியைப் பார்த்துவிட்டோம். சிவந்த கால் ஆண்புறா தன் பெடையோடு, இரவா பகலா என்று தெரியாமல், மன்றத்துக்குப் போய் இரை தேடாமல் மாடத்திலேயே அடைந்து கிடந்தது. இன்னொரு சோடி கூரையில் வரப்போகிறது.

மூன்று விளக்குகள்

பரவலாகப் பகிரப்படும் யவன விளக்குக்கு இப்போது வருவோம்.

‘யவனர் இயற்றிய வினைமாண் பாவை கையேந்து ஐயகல்’ என்கிறது பாட்டு. பாவை ஒன்று அகலைக் கையில் ஏந்தி நிற்கிறது. அகல் நிறைய நெய் ஊற்றி, பருத்த திரி போட்டு ஏற்றியிருக்கிறார்கள். மங்க மங்க மறுபடியும் நெய் ஊற்றித் தூண்டுகிறார்கள். எண்ணிப் பாருங்கள், யாரோ ராத்திரி முழுக்க விழித்திருந்து ஒவ்வோர் அறையாகப் போய் விளக்கைக் கவனிக்கிறார்கள். இருள் அறவே நுழையாத அந்தப்புரம்.

ஆனால் பாட்டில் விளக்கு இது ஒன்று மட்டும் இல்லை. இதற்கு முன்பே ஊர்ப் பெண்கள் மாலை நேரத்தில் இரும்பு விளக்கில் ஈரத் திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கும்பிடுகிறார்கள். மேகமூட்டத்தில் பொழுது சாய்ந்ததே தெரியவில்லை. கூடையில் வைத்த பிச்சி மொட்டு மலர்ந்து மணக்க, அதை வைத்துத்தான் மாலை வந்ததைக் கண்டுபிடிக்கிறார்கள். பாட்டின் கடைசியில் பாசறையிலும் விளக்குகள் எரிகின்றன.

அரண்மனை விளக்கின் சுடரை ‘நிமிர் எரி’ என்கிறார். காற்றுப் புகாத அறையில் அது நிமிர்ந்து நிற்கிறது. பாசறை விளக்கின் சுடரோ வடக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும்போதெல்லாம் ஆடித் தெற்கே தலை சாய்கிறது. அரண்மனை எவ்வளவு பத்திரமானது, அரசன் எவ்வளவு வெட்டவெளியில் நிற்கிறான் என்பதை ஒரு சுடரின் தலை நிமிர்வதும் சாய்வதும் சொல்லிவிடுகின்றன. ‘யவனர்’ என்ற சொல்லோடு நின்றுவிட்டால் இதை எல்லாம் தவறவிடுகிறோம்.

சுருக்கமாக: ஒரு பொருளைத் தனியாகப் பார்க்காமல் பாட்டில் அது வேறெங்கே வருகிறது என்று தேடுங்கள். தந்தத்துக்கு யானை, தூவிக்குப் புறா, சுடருக்குச் சுடர். வருணனை இப்படித்தான் பேசுகிறது.

அலங்கரித்த அறை, அலங்கரிக்காத பெண்

இவ்வளவு ஏற்பாட்டுக்கு அப்புறம் அரசி வருகிறாள். இங்கேதான் பாட்டு திரும்புகிறது.

நீண்டு தொங்கும் குழையைக் கழற்றிவிட்டதால் காது வெறுமையாகத் தாழ்ந்து தொங்குகிறது. சின்னதாக ஒன்றை மட்டும் செருகியிருக்கிறாள். பொன்தொடி கிடந்து தழும்பேறிய முன்கையில் இப்போது சங்கு வளையும் காப்புக் கயிறும்தான். பூவேலைத் துகில் உடுத்திப் பழகிய இடுப்பில் இப்போது மாசு படிந்த நூல் புடவை. தோழிகள் பாதத்தை வருடுகிறார்கள். நரை கலந்த கூந்தலோடு செவிலியர் சுற்றி உட்கார்ந்து ‘இப்போதே வந்துவிடுவார்’ என்று தேற்றுகிறார்கள். அவள் கேட்கிற மாதிரி இல்லை.

அவளைக் கவிஞர் ‘புனையா ஓவியம்’ என்கிறார். கோடு மட்டும் போட்டு வண்ணம் தீட்டாமல் விட்ட ஓவியம்.

இப்போது திரும்பிப் பாருங்கள். வாயில் நிலையில் சிற்பம், சுவரில் பூங்கொடிச் சித்திரம், கட்டிலில் வேட்டைச் சித்திரம் என்று வண்ணம் தீட்டாத இடமே அந்த அரண்மனையில் இல்லை. எல்லாம் புனைந்திருக்கிறது. நட்டநடுவில் இருக்கும் உயிருள்ள ஆள் மட்டும் புனையா ஓவியம். அறுபது அடி அலங்காரமும் இந்த இரண்டு சொல்லுக்காகவே ஏற்றி வைத்த பாரம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த அலங்காரத்தைத் தாண்டிப் படித்தால் ‘புனையா ஓவியம்’ ஓர் அழகான உவமை, அவ்வளவுதான். அதை முழுக்கக் கடந்து வந்தவர்களுக்குத் தொண்டை அடைக்கும்.

கையிலிருக்கும் தழும்பையும் விட்டுவிடக் கூடாது. கழற்றிய வளையல் கையில் விட்டுப்போன தடம் அது. நகை இல்லை என்று சொல்வதைவிட நகை இருந்த தடத்தைக் காட்டுவது எவ்வளவு கூர்மை!

கூரையில் ஒரு வானம்

மேற்கட்டி என்பது கட்டிலுக்கு மேலே தூண் நிறுத்திக் கட்டும் துணிக் கூரை. இந்தக் கட்டிலின் மேற்கட்டி மெழுகு பூசிய புதுத் துணி. அதில் ஆடு முதலாக உள்ள ராசிகளின் வழியே ஞாயிறு செல்லும் வான மண்டலத்தை எழுதியிருக்கிறார்கள். கூடவே திங்களும், அவனைப் பிரியாத உரோகிணியும்.

‘ராசி மண்டலம் அன்றே தெரிந்திருந்தது’ என்று பகிர்பவர்கள் எடுத்துக்கொள்வது இந்த அடிகளைத்தான். பாட்டின் காலத்தை ஆராய்பவர்களும் இதை எடுத்துப் பேசுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் அடுத்த அடியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அரசி உரோகிணியைப் பார்த்து, ‘இவளைப் போல நாமும் பிரியாமல் இருக்கக் கூடாதா’ என்று நினைத்துப் பெருமூச்சு விடுகிறாள். இமையில் திரண்ட நீரைச் சிவந்த விரலால் கடைக்கண்ணில் தொட்டுத் தெறிக்கிறாள்.

மல்லாந்து படுத்தவள் கண்ணில் படும்படி அந்த ஓவியம் வைக்கப்பட்டிருக்கிறது. மாடத்தில் புறா, மெத்தையில் அன்னம், கூரையில் திங்களும் உரோகிணியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த அறை அவளுக்குச் சோடியையே காட்டுகிறது. ஆடம்பரம் அவளைத் தேற்றவில்லை, குத்திக்காட்டுகிறது.

வேப்பிலை கட்டிய வேல்

கடைசி இருபது அடிகள் பாசறை. சேற்றுத் தெரு, சேணம் கழற்றாத குதிரைகள் மேலே விழும் மழைத்துளியை உதறுகின்றன. நழுவும் மேலாடையை இடக்கையில் அணைத்துக்கொண்டு, வாள் தாங்கிய ஓர் இளம் வீரனின் தோளில் கையை வைத்தபடி அரசன் நடக்கிறான். தலைக்கு மேலே மாலை தொங்கும் வெண்குடை மட்டும். வேப்பிலை கட்டிய வேலோடு முன்னே போகிறவன் புண்பட்டவர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறான். ‘நள்ளென் யாமத்தும் பள்ளி கொள்ளான்.’

அங்கே இருபது அடியில் கட்டில், இங்கே அவன் படுக்கவே இல்லை. அங்கே வானமே எழுதிய கூரை, இங்கே மழைக்கு ஒரு குடை. முதல் பகுதியை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

அந்த வேப்பிலையால்தான் ஒரு பழைய வாதமும் எழுந்தது. சங்கப் பாட்டை அகம், புறம் என்று பிரிப்பார்கள். அகம் என்பது ஆள் பெயர் சொல்லாமல் காதலைப் பாடுவது. புறம் என்பது போர், கொடை போன்றவற்றை ஆள் அடையாளத்தோடு பாடுவது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அது வந்துவிட்டதால் தலைவன் யார் என்று தெரிந்துவிட்டது, ஆகவே இது புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியது என்பது மரபு. பெயர் எங்குமே வரவில்லையே, அகம்தானே என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு அகத்தின் பக்கம்தான் மனம் சாய்கிறது, ஏனென்றால் அந்தக் கட்டிலுக்குக் கொடுத்த இருபது அடி ஒரு காதல் பாட்டின் கணக்கு.

படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

பத்துப்பாட்டு மூலத்தையும் நச்சினார்க்கினியர் உரையையும் உ.வே. சாமிநாதையர் 1889 இல் பதிப்பித்தார். எளிய உரைகள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் ஒன்று கவனிக்க வேண்டும். நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்குப் பொருள் சொல்லும்போது தொலைவிலுள்ள அடிகளை முன்பின் மாற்றிக் கூட்டிச் சொல்லும் பழக்கம் உள்ளவர். அருஞ்சொல் பொருளுக்கும் கட்டடம், தச்சு பற்றிய விளக்கத்துக்கும் அவரை விட்டால் வழியில்லை. ஆனால் இந்தப் பாட்டில் வரிசைதான் உயிர் என்பதால், முதல் தடவை மூலத்தை அது நிற்கிற வரிசையிலேயே, புரியாத சொல் வந்தாலும் நிற்காமல் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். அப்புறம் உரைக்குப் போகலாம். முழுப் பாட்டும் மலைப்பாக இருந்தால் விசிறியும் சிலந்தியும் வரும் 57 ஆம் அடியில் தொடங்கி உரோகிணி வரும் 163 ஆம் அடி வரைக்கும் ஒரே மூச்சில் படியுங்கள். நடுவில் எதையும் தாண்ட வேண்டாம், கதவில் அப்பிய கடுகு உட்பட.